உட்கார்ந்தால் நூறு, ஆடினால் இருநூற்றைம்பது

என் மனைவி வேலை பார்க்கும் ஏசி கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பன்னெண்டாயிரம் அக்கா’ என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதை அவள் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்ப்பார்கள். சம்பளம் அதைவிட அதிகம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

பன்னிரண்டாயிரம் என்பது ஒரு டன்னுக்கு எத்தனை பி.டி.யு. என்ற கணக்கு. ஒரு கம்பெனிக்காரன் தன் ஏசியை டன்னில் சொல்வான், இன்னொருவன் பி.டி.யு.வில் சொல்வான், மூன்றாமவன் பெட்டியின் மேல் கிலோவாட் என்று போட்டிருப்பான். பழைய மெஷின் ஒன்றிரண்டில் கிலோகலோரிகூட இருக்கும். நாலும் அளப்பது ஒன்றைத்தான்: அறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பதை. இவள் கால்குலேட்டரைத் தொடமாட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பில் போட்டபடி, “பதினெட்டாயிரமா? ஒண்ணரை டன்னுங்க. கிலோவாட்டுல அஞ்சேகால்” என்பாள். எதிர்முனையில் இருப்பவர் பேனா மூடியைத் திறப்பதற்குள் விடை வந்துவிடும்.

ஒருமுறை ஒரு பெரியவர் கடைக்கு வந்து, “ஒண்ணரை டன் எடைய எங்க வீட்டுச் சுவரு தாங்குமாம்மா?” என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. அவரை உட்கார வைத்து, “அது எடை இல்லைங்கய்யா. ஒரு டன் ஐஸ் கட்டி ஒரு நாள் முழுக்க உருகினா எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதான் ஒரு டன்னு. அந்தக் காலத்துல ஐஸை வெச்சுத்தான குளுமை பண்ணாங்க, அந்தப் பேரே நிலைச்சிருச்சு” என்றாள். பெரியவர் அங்கேயே ஒன்று வாங்கினார். சுவர் இன்றுவரை நிற்கிறது.

நான் தையல்காரன். என் டேப்பில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். அளவு மாற்றுவது எனக்கும் அன்றாட வேலைதான். ஆனால் நான் அளப்பது ஆளை, இவள் அளப்பது ஆளிடமிருந்து கிளம்பும் சூட்டை. எங்கள் கல்யாண வரவேற்பிலேயே என் காதில், “இந்த ஹாலுக்கு நாலு டன் பத்தாதுங்க” என்று கிசுகிசுத்தாள். நான் ஏதோ காதல் வசனம் என்று குனிந்திருந்தேன். அன்றிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும் எல்லோரும் கூடிப் பேசிச் சிரிக்கும்போது இவள் மட்டும் ஏசிக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்பாள். கூட்டத்தை எண்ணுவாள். கூட்டத்தில் சேரமாட்டாள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, சொன்னதில்லை.

இனி என் அம்மா. தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். அவள் ஒன்றைச் சொன்னால் குத்தியது குத்தியதுதான், அழிக்க முடியாது. மருமகள் வந்த புதிதில் டன் என்றால் என்ன என்று அவளும் கேட்டாள். அதே ஐஸ் கதையை இவளும் சொன்னாள். விளைவு, பதினாறு வருடமாக அம்மா ஊரெல்லாம், “என் மருமக ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதறா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவள் திருத்திப் பார்த்தாள், நான் திருத்திப் பார்த்தேன், முத்திரை அழியவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை எதுவும் கிடையாது. ஆனால் அத்தை தன் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது இவளுக்குள் ஒரு முள்ளாக இருந்தது எனக்குத் தெரியும். மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், கண்ணாடி தேடித் தருவாள், கடைப் பேச்சை மட்டும் அத்தை எதிரில் எடுக்கமாட்டாள்.

அம்மா சும்மா இருக்கிற பிறவி இல்லை. ஓய்வு பெற்ற பெண்களைச் சேர்த்து ஒரு வாசகர் வட்டம் தொடங்கினாள். இருபத்தெட்டுப் பேர். அம்மா செயலாளர். பொருளாளராக இருந்தவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். கையெழுத்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடச் செக்கைத் திருப்பி அனுப்பியவர். இந்த வட்டம், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் முன்பு மெத்தைக் கிடங்காக இருந்த ஹாலை வாடகைக்குப் பிடித்தது. பத்து மீட்டருக்கு எட்டு மீட்டர். மேலே வெயில் நேராக விழும் கூரை. ஏசி இல்லாமல் அங்கே மனுஷர் இருக்க முடியாது.

இவள்தான் அளவெடுக்கப் போனாள். கூரை, ஜன்னல், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டாள், “அத்தை, இங்க எல்லாரும் என்ன பண்ணுவீங்க?”

“வாசகர் வட்டத்துல என்ன பண்ணுவாங்க? உக்காந்து படிப்போம்” என்றாள் அம்மா.

இவள் தாளில் எழுதிக்கொண்டாள். கூரைக்கும் சுவருக்கும் விளக்குக்கும் ஏழு கிலோவாட். உறுப்பினர் இருபத்தெட்டு, திறப்பு விழாவுக்கு வரும் குடும்பத்தார் முப்பது, ஆக ஐம்பத்தெட்டுப் பேர், உட்கார்ந்திருப்பவர், ஆளுக்கு நூறு வாட். மொத்தம் பன்னிரண்டு புள்ளி எட்டு. டன்னில் மூன்றரைக்குச் சற்று மேல். இரண்டு டன் மெஷின் இரண்டு போதும். கணக்கில் பிழையே இல்லை. பிழை அம்மாவின் வாயில் இருந்தது.

ஏனென்றால் அவர்கள் உட்கார்ந்து படிக்கவில்லை. ஆடினார்கள்.

இது எப்படி எனக்குத் தெரியும் என்றால், ஆட்டத்துக்குச் சட்டை தைத்தவனே நான்தான். வட்டம் முதலில் பொருளாளர் வீட்டு முன்னறையில் கூடியது. படிக்கத் தொடங்கினால் அரை மணியில் பாதிப்பேர் குறட்டை விட்டிருக்கிறார்கள். தூக்கம் கலைய யாரோ பாட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி எழுந்து ஆட, பக்கத்தில் இருந்தவள் எழ, மூன்று மாதத்தில் இருபத்தெட்டுப் பேரும் வரிசை கட்டி ஆடப் பழகிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் புத்தகம் படிப்பதாகவே சொல்லியிருந்தார்கள். திறப்பு விழா அன்று குடும்பத்தாரை உட்கார வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு, திடீரென்று ஆடிக் காட்டி எல்லோரையும் வாயடைக்க வைப்பது திட்டம். அம்மா என்னை ரகசியமாக அங்கே வரச்சொல்லி அளவெடுக்க வைத்தாள். செம்மண் நிறத்தில், முழங்கால் தொடும் தளர்ந்த சட்டை.

“அக்குள் பக்கம் தாராளமா விடுடா, கையைத் தூக்கணும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இருபத்தொம்பதா தை” என்றாள்.

“இருபத்தெட்டுப் பேர்தானம்மா?”

“ஒண்ணு அவ அளவுல. எப்பப் பாரு சுவத்தோரமாவே நிக்கறா. வந்தா வரட்டும். வரலைன்னா நானே ரெண்டு சட்டை போட்டுக்கறேன்.”

அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றும் அன்றுதான் நடந்தது. பொருளாளர், “ஏசி ஆர்டரைத் தெரிஞ்சவங்க கடைன்னு குடுக்கக் கூடாது. வேற ரெண்டு கடையிலயும் கேக்கணும்” என்று ஆரம்பித்தார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கேக்கவே வேண்டாம். என் மருமக கணக்குப் போட்டா போட்டதுதான். அன்னைக்கு ஹால்ல ஒருத்தருக்கு வேர்த்தாலும் சரி, ஒருத்தருக்கு விறைச்சாலும் சரி, செயலாளர் பதவிய அங்கயே உங்ககிட்டக் குடுத்துடறேன்” என்றாள்.

டேப் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பதினாறு வருடத்தில் முதல் பாராட்டு! அதை இவளிடம் ஓடிப்போய்ச் சொல்ல முடியாது. சொன்னால், “நீங்க எதுக்கு அங்க போனீங்க?” என்று கேட்பாள். அளவெடுக்க என்றால் சட்டை எதற்கு என்பாள். அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். வாயில் வெல்லத்தை வைத்து உதட்டைத் தைத்தது போல இருந்தது.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு மதியம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கடையின் மெக்கானிக் ஓர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து போன் செய்தான். மெஷின் சரியாகத்தான் ஓடுகிறதாம், ஆனால் அறை குளிரவில்லையாம். போனை மேசையில் வைத்துச் சத்தத்தைத் திறந்துவிட்டு இவள் பரிமாறிக்கொண்டே பேசினாள்.

“தம்பி, அதுக்குக் கணக்குப் போட்டது யாரு?”

“முதலாளிதான்கா. இருபது பேருக்குப் போட்டாரு. இருபது பேருதான் இருக்காங்க.”

“உக்காந்திருக்கற இருபது பேருக்குப் போட்டிருப்பாரு. உக்காந்தா ஆளுக்கு நூறு வாட்டு. ஓடினா, ஆடினா இருநூத்தம்பது, அதுக்கு மேலயும் போகும். உக்காந்திருக்கறவங்க முப்பத்தஞ்சு பேருக்கு ஒரு டன்னு. ஆடறவங்க பதினாலு பேருக்கே ஒரு டன்னு ஆயிடும்.”

எனக்குப் புரையேறியது. சாதாரணப் புரை இல்லை, கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கில் சோறு வந்து, இவள் தலையில் தட்டி, முதுகில் தட்டி, தண்ணீர் கொடுத்து ஒரு வழியாக்கினாள்.

“யாரோ உங்களை நினைக்கறாங்க” என்றாள்.

“இருபத்தெட்டுப் பேர்” என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். மெதுவாக, “ஏன், அம்மாவோட வட்டத்துல திடீர்னு ஆடினாங்கன்னா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தையா? மூணு மாசமா முழங்கால் வலின்னு தினமும் தைலம் தேய்ச்சு விடறேன். அவங்க ஆடறதா!”

அந்த வலி எதனால் வந்தது என்பது எனக்குத்தான் தெரியும். தேய்த்துவிட்டவளுக்குத் தெரியாது.

அன்றே அம்மாவைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். ஹால் சூடாகிவிடும், இவள் பெயர் கெடும், உன் பதவி போகும், சொல்லிவிடலாம் என்றேன்.

“உளறாத. ஆள் ஆள்தானடா? உக்காந்தா ஒரு ஆளு, ஆடினா ரெண்டு ஆளா?”

“ரெண்டரை ஆளும்மா.”

“உன் பொண்டாட்டி சொன்னாளாக்கும். அவ கணக்கு சரியாத்தான் இருக்கும், பயப்படாத. வாயைத் திறந்தியோ, இருபத்தெட்டுப் பேரும் உன் கடைக்கு வந்து நிப்போம்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது மரம். நான் ரத்தமும் சதையும். சொன்னால் அம்மாவின் மூன்று மாத ஆசை பாழ். சொல்லாவிட்டால் என் மனைவியின் முதல் பாராட்டு வேர்வையில் கரைந்துவிடும். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியாது. இரவெல்லாம் புரண்டு காலையில் ஒரு வழி கண்டுபிடித்தேன். இவள் கணக்கை வைத்தே இவளை ஏமாற்றுவது.

ஆடுகிறவர் இருநூற்றைம்பது, உட்கார்ந்திருப்பவர் நூறு. ஆளுக்கு நூற்றைம்பது கூடுதல். இருபத்தெட்டுப் பேருக்கு நாலாயிரத்து இருநூறு வாட். அதாவது உட்கார்ந்திருக்கும் நாற்பத்திரண்டு பேர். வெட்டுத்துணியின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் நாற்பத்திரண்டு. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. நேராக அவள் கடைக்குப் போனேன்.

“அம்மா சொல்லச் சொன்னாங்க. திறப்பு விழாவுக்கு இன்னும் கொஞ்சம் பேர் வராங்களாம்.”

“எத்தனை பேரு?” தாளை எடுத்தாள்.

“நாப்பத்திரண்டு.”

பேனா நின்றது. “நாப்பது இல்ல? நாப்பத்தஞ்சு இல்ல?”

“எண்ணித்தான் சொன்னாங்க.”

“அந்த ஹால்ல அலமாரி, மேசை போக அறுபது நாற்காலிக்கு மேல போட்டா கதவு திறக்காதே. எங்க உக்காருவாங்க?”

“நிப்பாங்க.”

“நின்னா ஆளுக்கு நூத்தி முப்பது வாட்டு.”

“ஐயோ, நிக்க மாட்டாங்க!” என்று பதறினேன். “உக்காருவாங்க. தரையில.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும். குனிந்து தாளில் ஏதோ எழுதினாள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பா கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“சரிங்க. மூணாவதா ஒண்ணரை டன் மெஷின் ஒண்ணு போட்டுடறேன். நீங்க போங்க, கடையில காஜா எடுக்கற வேலை நிறைய இருக்கும்” என்றாள்.

இருக்கத்தான் இருந்தது. இருபத்தொன்பது சட்டைக்கு. அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

மூன்றாவது மெஷின் வந்து இறங்கியதும் பொருளாளர் படிக்கட்டிலேயே மறித்தார். “முதல்ல ரெண்டு போதும்னாங்க. இப்ப மூணா? நாளைக்கு நாலும்பாங்களா?”

என் மனைவி அமைதியாக, “திறப்பு விழா அன்னைக்கு இது தேவைப்படலைன்னு உங்களுக்குத் தோணினா, மறுநாளே நானே கழட்டிக்கிட்டுப் போயிடறேன்மா” என்றாள்.

அம்மாவுக்கு மூன்றாவது எதற்கு என்று ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். ஆனாலும் பொருளாளர் பக்கம் திரும்பி, “அவ மூணுன்னா மூணுதான்” என்றாள். காரணம் தெரியாமலே பக்கத்தில் வந்து நிற்பதற்குப் பெயர்தான் நம்பிக்கை. என் மனைவி ஸ்பேனரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை அவள் முகத்தில் இருந்தது சிரிப்புதான், நான் பார்த்தேன்.

திறப்பு விழா பிற்பகல் நாலு மணிக்கு. முப்பது விருந்தினர், இருபத்தெட்டு உறுப்பினர், என் மனைவியைத் தவிர எல்லோரும் நாற்காலியில். நாற்பத்திரண்டு பேர் வரவில்லை. வருவதற்கு அவர்கள் பிறக்கவே இல்லையே. இவள் கதவுக்குப் பக்கத்தில் வழக்கம் போலச் சுவரோரமாக, கணக்குத் தாள் செருகிய கோப்பும் ரிமோட்டுமாக நின்றாள். மூன்று மெஷினும் மதியத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன.

நான் சூட்டுக்குத்தான் பயந்திருந்தேன். குளிருக்குப் பயப்பட மறந்துவிட்டேன். பதின்மூன்று கிலோவாட் போதுமான கூட்டத்துக்குப் பத்தொன்பது கிலோவாட் வீசினால் என்ன ஆகும்? வரவேற்புரை முடிவதற்குள் முன்வரிசையில் ஒருவர் கைகளை அக்குளில் செருகினார். இரண்டாவது பேச்சில் தும்மல்கள் கிளம்பின. பொருளாளர் கைப்பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அம்மா பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “உங்க மருமக ஐஸ் கம்பெனிதான்னு இப்பத்தான் நல்லா தெரியுது” என்றார்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கியது. விறைத்தாலும் பதவி போகும் என்று அவளே சொன்ன வார்த்தை. எனக்கு அந்தக் குளிரிலும் முதுகில் வேர்த்தது. எல்லாம் என் நாற்பத்திரண்டால் வந்த வினை. மனைவியிடம் ஓடினேன்.

“கொஞ்சம் குறைச்சு வையேன். ஒரு மெஷினை அணைச்சிடேன்.”

“இருங்க” என்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ரிமோட்டை இன்னும் இரண்டு தடவை அழுத்தினாள். குளிர் கூடியது. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா எழுந்தாள். கையில் இருந்த புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். “இது வரைக்கும் படிச்சது போதும்” என்றாள். அதுதான் சமிக்ஞை. இருபத்தெட்டுப் பேரும் எழுந்து, மேலே போட்டிருந்த கறுப்பு அங்கியைக் கழற்ற, உள்ளே செம்மண் நிறச் சட்டை. மேசைகள் ஓரத்துக்குப் போயின. பாட்டு அதிர்ந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் அம்மா முதல் வரிசையில் நடுவில் நின்றாள். முத்திரை குத்திப் பழகிய கை மேலே போய் இறங்கியபோது ஹாலே அதிர்ந்தது. மகன்கள் வாயைப் பிளந்தார்கள். மருமகள்கள் விசிலடித்தார்கள். ஒரு கணவர் எழுந்து நின்று, “எங்க வீட்டுல இவ ஒரு தம்ளரைக் குனிஞ்சு எடுக்க மாட்டா!” என்று கத்தினார். சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை.

இரண்டாவது பாட்டில் பொருளாளர் முதல் வரிசைக்கே வந்துவிட்டார். சால்வை நாற்காலியில் கிடந்தது. மூன்றாவது பாட்டில் விருந்தினர்கள் அக்குளில் செருகிய கைகளை எடுத்துத் தாளம் போட்டார்கள். ஒருவர் தும்மவில்லை, ஒருவர் விசிறவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் முகத்தில்கூட ஒரு மினுமினுப்புதான், வேர்வை இல்லை. முன்னாலேயே குளிர வைத்த அறை, அந்த இருபத்தெட்டுப் பேரின் சூட்டைப் பசித்தவன் சாப்பிடுவது போல வாங்கிக்கொண்டது.

பாட்டு நின்றதும் பொருளாளர் மூச்சு வாங்கிக்கொண்டு மெஷினை அண்ணாந்து பார்த்தார். வங்கியில் இருந்தவர், புரிந்துகொள்ள நேரமாகவில்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்லுவாளாம். நாங்க கோணலும் சொல்ல முடியாது, சூடும் சொல்ல முடியாது. அந்த மூணாவது மெஷின் எங்கயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார்.

அம்மா மைக்கை வாங்கினாள். “எல்லாரும் கேட்டுக்கோங்க. என் மருமக ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதல. எந்த அறையில எத்தனை பேர் எப்படி இருப்பாங்களோ, அத்தனைக்கும் குளுமை கணக்குப் போடறவ. ஒரு டன்னுன்னா பன்னெண்டாயிரம்… பன்னெண்டாயிரம் என்னம்மா அது?”

“பி.டி.யு. அத்தை” என்றது சுவரோரக் குரல். உடைந்த குரல்.

“அதான். இங்க வா.” அம்மா பையிலிருந்து இருபத்தொன்பதாவது சட்டையை எடுத்து உதறினாள்.

வழக்கம் போல, “பரவாயில்ல அத்தை, நான் மெஷினைப் பார்த்துக்கறேன்” என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கோப்பையும் ரிமோட்டையும் என் மடியில் வைத்தாள். நடந்துபோய்ச் சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். கச்சிதமாக இருந்தது. தைத்தது யார்! அடுத்த பாட்டு தொடங்கியது. அம்மா இவள் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தாள். முதலில் எல்லோருக்கும் அரைத்தாளம் பின்னால் ஆடினாள். பிறகு அம்மா இவளைப் பார்த்துச் சிரிக்க, இவள் சிரிக்க, தாளம் எங்கே போனால் என்ன என்று இருவரும் ஆடினார்கள்.

மடியில் கோப்பு திறந்திருந்தது. கணக்குத் தாள். அன்று கையால் மறைத்துக்கொண்டு எழுதியது. என் நாற்பத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் சிறிய எழுத்தில்: நாற்பத்திரண்டு வகுத்தல் இருபத்தெட்டு, ஒன்றரை. அதாவது ஆளுக்கு நூற்றைம்பது வாட் கூடுதல். நூறும் நூற்றைம்பதும் இருநூற்றைம்பது. அதற்குக் கீழே, அடிக்கோடிட்டு, ‘அத்தை ஆடப்போகிறார்கள்!’ அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கிறது. மூன்று தடவை சுண்ணாம்பால் போட்டேனே என்று என் பெருமை காற்றில் போனது. அத்தையின் ரகசியம் அத்தையிடமே இருக்கட்டும் என்று நாலு நாளும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

தாளின் கடைசி இரண்டு வரிகளைப் பிறகுதான் பார்த்தேன்.

உட்கார்ந்திருப்பவர்: 29.

ஆடுபவர்: 29.

எங்கோ உதைக்கிறதே என்று விரல் விட்டு எண்ணினேன். விருந்தினர் முப்பது, உறுப்பினர் இருபத்தெட்டு. விருந்தினர் பட்டியலில் ஒருவர் குறைந்து ஆடுபவர் பட்டியலில் ஒருவர் கூடியிருந்தார். என் கடையில் அவள் அளவில் தொங்கிய சட்டை அவள் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? இத்தனை வருடம் எல்லா அறையிலும் எல்லோரையும் எண்ணியவள், முதல் தடவையாகத் தன்னையும் எண்ணியிருந்தாள். யாரும் கூப்பிடுவதற்கு நாலு நாள் முன்பே.

தலை நிமிர்ந்தேன். வரிசையில் இருந்து அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “என்னங்க, உக்காந்துகிட்டு!”

சட்டைப் பையில் சுண்ணாம்புக் கட்டி இருந்தது, எப்போதும் இருக்கும். தாளில் உட்கார்ந்திருப்பவர் இருபத்தொன்பதை அடித்து இருபத்தெட்டு என்று எழுதினேன். ஆடுபவர், முப்பது. நூற்றைம்பது வாட் கூடுதல். மெஷின் தாங்கும், அவள் போட்ட கணக்கு. கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.